நண்டலாற்றுக்கு அப்பால் ஒரு கோடை

சித்திரை இருபதாம் தேதி தாண்டி அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால், பூவம் கடைத்தெரு பகல் பதினொரு மணிக்கே ஆளொழிந்துவிடும். நுங்கு வண்டிக்காரர் புங்கமர நிழலுக்கு நகர்ந்துவிடுவார். நண்டலாற்றுப் பாலத்தின் தார் இளகி, போகிற சக்கரங்களோடு ஒட்டிக்கொண்டு பிரியும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால்தான் திண்ணையில் உட்கார முடியும். அது எழாத நாளில் வேட்டியும் சேலையும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இந்த வேளையில்தான் அதே பாலத்தின் மேல், கூரையில் பெட்டிகளைக் கட்டிய வேன் ஒன்று வடக்கே கடந்து போகும். கேட்டால் ஒரே பதில்தான்: "கொடைக்கானல் போறோம்."

பூவம், காரைக்காலின் வட எல்லை. நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. முதலில் பொறையாறு, அப்புறம் தரங்கம்பாடி. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. இந்த மண்ணில் மேடு என்றால் ஆற்றங்கரை, உயரம் என்றால் கோபுரம். பூவத்துப் பிள்ளை ஒன்று பாறை என்று எதையாவது பார்க்க வேண்டுமானால் திருச்சி மலைக்கோட்டை வரை போக வேண்டும். தொடராக நிற்கும் மலையைப் பார்க்க அதற்கும் அப்பால் போக வேண்டும். மலை இந்த ஊருக்கு வருவதெல்லாம் தண்ணீராக மட்டுமே. குடகில் பெய்த மழை மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, கடைமடையான காரைக்காலுக்கு வந்து சேர்கிறது. அதற்கும் அளவு உண்டு: காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பின்படி புதுச்சேரிக்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி.

இப்படிப்பட்ட கரையில்தான் ஐரோப்பியர்கள் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் குடியிருந்தார்கள். பாலத்துக்கு வடக்கே டேனிஷ்காரர்கள், தெற்கே பிரெஞ்சுக்காரர்கள். இரு தரப்பாருக்கும் கோட்டை இருந்தது, கோயில் இருந்தது, கல்லறைத் தோட்டமும் இருந்தது. கோடைக்குப் போக ஒரு மலை இருக்கவில்லை. தென்னிந்தியாவின் குளிர்ந்த மலைகளில் பல 19ஆம் நூற்றாண்டு பிறக்கும்போது ஆங்கிலேயக் கம்பெனியின் பிடிக்குள் போயிருந்தன. ஆகவே இந்தக் கரையின் வெள்ளைக்காரர் ஒருவர் குளிர் தேடிப் போவதென்றால், முதல் வேலை எல்லை தாண்டுவது. மலை ஏறுவதெல்லாம் அதற்குப் பிறகு.

மலை தெரியாத காலத்தில் கோடையை எப்படிக் கழித்தார்கள் என்பதற்கு தரங்கம்பாடியே சாட்சி. 1620இல் டான்ஸ்போர்க் கோட்டை கட்டியவர்கள் அதைக் கடலோரத்திலேயே எழுப்பினார்கள். வசதியுள்ளவர்கள் பொறையாறு பக்கம் தோட்டவீடு போட்டுக்கொண்டார்கள். கோட்டைச் சுவரின் வெக்கையிலிருந்து விலகி, தென்னையும் மாவும் இருக்கிற இடத்தில் சாயங்காலத்தைக் கழிப்பதுதான் அவர்களுடைய கோடை வாழ்க்கை. வண்டியில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் 'குளிர்வாசம்'.

அது எவ்வளவு தூரம் உதவியது என்பது வேறு விஷயம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவிய பர்த்தலோமேயு சீகன்பால்கு 1719இல் இறந்தபோது அவருக்கு வயது 36. 1760இல் நிக்கோபார் தீவுகளில் ஊழியம் செய்யும் நோக்கத்தோடு வந்த மொரேவியச் சபையார் தரங்கம்பாடிக்கு அருகே நிலம் வாங்கி, 'சகோதரர் தோட்டம்' என்று பெயரிட்டுக் குடியேறினார்கள். தச்சு, தையல், விவசாயம் என்று கைத்தொழிலில் கெட்டிக்காரர்கள். காய்ச்சலுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் தெரியவில்லை. நிக்கோபாரிலும் இங்குமாகப் பலரைப் புதைத்துவிட்டு, 1803இல் மிச்சமிருந்தவர்கள் தோட்டத்தை விட்டுக் கிளம்பினார்கள்.

தோட்டம் போதாது, உயரம் வேண்டும் என்ற அறிவு தென்னிந்தியாவில் பிறந்த கதையில் முக்கியமான ஒரு நோயாளி, பிரெஞ்சுக் கரையிலிருந்து போனவர்.

ழான் பப்தீஸ்த் லெஷனோ த லா தூர், 1773இல் பிரான்சில் பிறந்த தாவரவியலாளர். 1800இல் போதான் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட கப்பல் பயணத்தில் இருந்தவர். உடம்புக்கு முடியாமல் 1803இல் திமோரில் இறக்கிவிடப்பட்டு, ஜாவா போய்ச் சேர்ந்து, அங்கே அம்பு முனையில் தடவும் நச்சு மரங்களை ஆராய்ந்தவர். நோயும் அவரும் பழைய கூட்டாளிகள் என்றே சொல்லலாம். 1816இல், நெப்போலியன் போர்கள் ஓய்ந்து புதுச்சேரி பிரான்சின் கைக்குத் திரும்பிவந்த அதே ஆண்டில், பிரெஞ்சு அரசின் இயற்கை ஆய்வாளராக அவர் புதுச்சேரிக்கு வந்தார்.

புதுச்சேரியைச் சுற்றி நாலு மைல் நடந்தாலே ஆங்கிலேயர் எல்லை. நேற்றுவரை எதிரியாக இருந்தவர்களின் நிலத்தில் செடி பறிக்க அனுமதி வேண்டும். லெஷனோ அதை முன்கூட்டியே வாங்கிவைத்திருந்தார். சென்னை மாகாணம், வங்காளம், இலங்கை வரை சுற்ற ஆங்கிலேயர் இசைந்திருந்தார்கள். அந்த அனுமதியின் பலத்தில் சேலம், கோயம்புத்தூர் பக்கம் அலைந்தார். கரும்பிலும் பருத்தியிலும் நல்ல வகைகளைப் பொறுக்கி பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு அனுப்பினார். அலைச்சலில் காய்ச்சல் பிடித்துக்கொண்டது.

அப்போது கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன். 1818இல் விஷ், கின்டர்ஸ்லி என்ற இரு இளம் அதிகாரிகள் நீலகிரிக்கு ஏறிப் போய் வந்து, மேலே ஐரோப்பா மாதிரி குளிர்கிறது என்று சொல்லியிருந்தார்கள். சல்லிவன் 1819 தொடக்கத்தில் தானே ஏறிப் பார்த்தார். அதே ஆண்டில் மறுபடி ஏறியபோது, நோயில் துவண்டிருந்த பிரெஞ்சுக்காரரையும் கூட்டிக்கொண்டார்.

அன்று மலைக்கு ஏறுகிற வழி பவானிக் கரையில் இருந்த தண்ணாயக்கன்கோட்டையிலிருந்து தொடங்கியது. அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் அணையின் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் உள்ளே இருந்த கோயிலின் கல் வெளியே தலைகாட்டும். அங்கிருந்து கோத்தகிரிப் பக்கம் செங்குத்தான ஒற்றையடித் தடம். அடிவாரத்துக் காட்டில் கொசுவும் காய்ச்சலும். அதைப் பிழைத்து மேலே போனால் புல்வெளி, சோலைக்காடு, படகர் ஊர்கள், தோடர் மந்துகள். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பங்களா இப்போதும் நிற்கிறது. செம்மைப்படுத்தி நினைவகமாக வைத்திருக்கிறார்கள்.

காய்ச்சலோடு ஏறிய லெஷனோ மேலே தேறினார். தேறியவுடன் பழைய வேலையில் இறங்கிவிட்டார்: செடி சேகரிப்பு. நீலகிரிச் சோலைகளின் விளிம்பில் வளரும் ஒரு புதர்ச்செடி உண்டு. வெள்ளை மணிகள் போலக் கொத்தாகப் பூக்கும். நீலம் பாய்ந்த பழம். இலையைக் கசக்கி மோந்தால் தசைப்பிடிப்புத் தைலத்தின் நெடி சுள்ளென்று ஏறும். ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்துப் புட்டியில் 'விண்டர்கிரீன்' என்று விற்பது இதன் எண்ணெய்தான். தாவரவியலார் இதற்குக் கால்தீரியா லெஷனால்டியை என்று பெயர் வைத்தார்கள். வேறு ஒரு சிற்றினப் பெயரின் கீழ் இதைப் பின்னாட்களில் சேர்த்துவிட்டாலும், பழைய நூல்களில் பிரெஞ்சுக்காரர் பெயர் இருக்கிறது. கடலோரத்திலிருந்து நோயோடு போனவர், மூட்டுவலிக்குத் தடவும் செடியில் பெயராக மிஞ்சினார்.

லெஷனோ 1822இல் பிரான்சு திரும்பினார். அதே ஆண்டில் சல்லிவன் ஒத்தக்கல்மந்தில், அதாவது இன்றைய உதகையில், தம் 'கல் பங்களா'வுக்கு அடித்தளம் போட்டார். தோடர்களுக்கு ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று விலை. ஏரிக்கு அணை எழுந்தது, நோயுற்ற சிப்பாய்கள் ஏற்றி அனுப்பப்பட்டார்கள், அடுத்த அரை நூற்றாண்டுக்குள் சென்னை ஆளுநரின் அலுவலகமே கோடைக்குக் கோப்புகளோடு உதகை ஏறத் தொடங்கியது. பின்னால் வந்தது 'சீசன்' என்ற சொல். இன்றும் உதகையில் ஆட்டோக்காரர் முதல் வர்க்கி விற்பவர் வரை காலத்தை அளப்பது அந்தச் சொல்லால்தான். பிரெஞ்சுக்காரர்களும் ஏறிக்கொண்டேயிருந்தார்கள். புதுச்சேரித் தாவரவியல் பணியிலிருந்த பெரோத்தே 1830களில் நீலகிரியைச் சுற்றிச் செடி திரட்டினார். பின்பு புதுச்சேரியிலேயே வாழ்ந்து 1870இல் அங்கேயே இறந்தார். மலை யாருடையதோ, கரையில் இருந்த பிரெஞ்சுக்காரருக்கு அது விருந்தினர் வீடுதான்.

இது பிரான்சுக்கு உறுத்தியிருக்க வேண்டும். சொந்த நிலம் கிடைத்த இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வியட்நாமின் தாலாத் சாட்சி. 1893இல் மருத்துவர் யெர்சென் கண்டு சொன்ன பீடபூமியில், அடுத்த சில ஆண்டுகளில் ஆளுநர் தூமேரின் ஆணைப்படி தமக்கென்று ஒரு மலைநகரை எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் அவர்கள் கையிலிருந்த ஐந்து ஊர்களோ புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர். ஒவ்வொன்றும் கடலையோ ஆற்றையோ ஒட்டிய தாழ்நிலம். ஐந்திலும் தேடினால் நிமிர்ந்து பார்க்க ஒரு மலை கிடையாது.

இந்தக் கதையில் 1845 ஒரு விசித்திரமான ஆண்டு. அந்த வருடம் டென்மார்க் அரசு தரங்கம்பாடியை, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குக் கம்பெனியிடம் விற்றுவிட்டது. இருநூற்று இருபத்தைந்து ஆண்டு வாசம் ஒரு கையெழுத்தில் முடிந்தது. அதே 1845 ஜூனில், பழனிமலைத் தொடரின் மேல் முகட்டில் அமெரிக்க மிஷனரிகள் 'சன்னி சைட்', 'ஷெல்டன்' என்று இரண்டு வீடுகளைக் கட்டி முடித்தார்கள். கொடைக்கானல் ஊர் அங்கிருந்து பிறக்கிறது.

இந்த அமெரிக்கர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தவர்கள். மதுரை வெயிலிலும் வாந்திபேதியிலும் ஆட்களை இழந்தார்கள். பக்கத்திலிருக்கிறதே என்று சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அந்த உயரம் போதவில்லை, காய்ச்சல் கூடவே வந்தது. ஏழாயிரம் அடி உயரத்தில் பழனிமலை இருந்தது. அதைப் பற்றி முன்பே செய்தி உண்டு: 1821இல் லெப்டினன்ட் வார்டு அளந்திருந்தார், 1834இல் ரோட்டன், காட்டன் என்ற அதிகாரிகள் தேவதானப்பட்டியிலிருந்து ஏறி செண்பகனூர் அருகே சிறு பங்களா போட்டிருந்தார்கள், 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் போய் வந்து எழுதியிருந்தார். அமெரிக்கர்களும் ஆங்கில ஆட்சியில் அந்நியர்கள்தான். ஆனாலும் இந்த மலையில் ஊர் அமைத்தவர்கள் அவர்களே. நீலகிரி அதிகாரிகளின் மலையாகவும், கொடைக்கானல் பாதிரிமாரின் மலையாகவும் வளர்ந்ததற்கு வேர் இங்கே.

அவர்கள் ஏறிய முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1875இல் திருச்சி–மதுரை ரயில்பாதை வந்ததும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்குவார்கள். இன்று 'கொடைக்கானல் ரோடு' என்று பலகை நிற்பது அங்கேதான். சாயங்காலம் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை விரித்து, குழந்தைகளைப் படுக்கவைத்தால் ராத்திரி முழுக்கப் பயணம். வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி தாண்டி, பெரியகுளம் அருகே கிருஷ்ணமநாயக்கன்தோப்பு. விடியற்காலையில் அங்கே இன்னொரு கூட்டம் காத்திருக்கும்: குதிரைக்காரர்கள், சுமைதூக்கிகள், நாற்காலி தூக்குகிறவர்கள். இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே நாற்காலி. துரைசாணி அதில் உட்கார்ந்தால், மாற்றி மாற்றித் தோள் கொடுக்கப் பலர். தோப்பிலிருந்து மேலே சுமார் 12 மைல். கும்பக்கரை ஓடையின் சத்தம் கீழே இறங்கிக்கொண்டே போகும். வெயில் ஏறுவதற்குள் பாதி வழி போய்விட வேண்டும் என்பதே கணக்கு.

நாற்காலி மட்டுமா? இரும்புக் கட்டில், பியானோ, தேநீர்க் கோப்பைகள், கோடை முழுவதற்குமான மாவு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் அதே தோள்களில்தான் ஏறின. மூன்று மாதம் கழித்து அதே தடத்தில் இறங்கின. மலையில் வெள்ளைக்காரர் நடந்த நடையைப் பற்றி அவர்களே ஏராளமாக எழுதிவைத்திருக்கிறார்கள். சுமையோடு நடந்தவர்கள் எழுதவில்லை. அந்தத் தடத்துக்கு வழங்கிய பெயரில் மட்டும் அவர்கள் இருக்கிறார்கள்: 'கூலி காட்'.

மேலே போனதும் வாழ்க்கை மாறிவிடும். கீழே மூடிய ஜன்னலுக்குள் பங்கா இழுக்கவைத்துக் கிடந்தவர்கள், மேலே நாள் முழுக்க வெளியில் இருந்தார்கள். மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். அதில் விட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கடல் துறைமுகத்துப் படகு, ஏழாயிரம் அடி மேலே. 1872இல் கோக்கர் என்ற அதிகாரி மலைவிளிம்பில் நடைபாதை வெட்டினார். 1890இல் படகுக் குழாம். 1901இல் மிஷனரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி. கூடாரத்தையும் கம்பளியையும் தூக்கிக்கொண்டு பூம்பாறை, வட்டக்கானல், பேரிஜம் என்று நாள்கணக்கில் நடப்பதைப் பள்ளி ஒரு பாடம் போலவே வைத்துக்கொண்டது. சோலைக்குள் ஓடைக்கரையில் தீ மூட்டி இரவு தங்குவது, விடிந்ததும் பாறைமேல் நின்று வைகைச் சமவெளியைப் பார்ப்பது, தூரத்து முகட்டில் வரையாடு தெரிகிறதா என்று தேடுவது. நீலகிரியில் அதே வரையாட்டைத் துப்பாக்கியோடு தேடினார்கள். சுட்டுச் சுட்டுக் குறைந்துபோனதை அவர்களே கவனித்து 1877இல் சங்கம் வைத்து, 1879இல் வேட்டைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டமும் கொண்டுவந்தார்கள்.

கொடைக்கானலில் பிரெஞ்சு பேசிய கூட்டமும் ஒன்று இருந்தது. மதுரை மிஷனின் இயேசு சபைக் குருக்கள் பிரான்சிலிருந்து 1830களின் இறுதியில் வந்தவர்கள். முதல் சில ஆண்டுகளிலேயே நோய் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. 1860களில் லூயி சேன்சீர் என்ற குரு கொடைக்கானலில் 'லா பிராவிடன்ஸ்' இல்லத்துக்கும், சலேத் மாதா கோயிலுக்கும் வழி செய்தார். 1895இல் செண்பகனூரில் குருமாணவர்க்கான திருஇருதயக் கல்லூரி எழுந்தது. பாடம் முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் அங்கி மடித்துக் கட்டிக்கொண்டு மலை சுற்றுவது அவர்கள் வழக்கம். அந்த நடைகளில் இருந்துதான் செண்பகனூர் அருங்காட்சியகத்தின் பட்டாம்பூச்சிகளும் பாம்புகளும் உலர்ந்த இலைகளும் சேர்ந்தன.

அவர்களில் ஆங்லாத் என்ற பிரெஞ்சுக் குருவை எடுத்துக்கொள்ளலாம். நடக்கும்போது அவர் கவனித்தவை இரண்டு: பூக்களும் பாறைகளும். பூக்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். பாறைகளை நாடாவால் அளந்தார். பெருமாள்மலை, மச்சூர், தாண்டிக்குடி பக்கம் தட்டைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் போட்ட கல்திட்டைகள் இருக்கின்றன. மாடு மேய்ப்பவர்கள் மழைக்கு ஒதுங்கும் இடங்கள் அவை. ஆங்லாத் ஒவ்வொன்றாகத் தேடிப் போய், கல்லின் நீளம் அகலம் எந்தத் திசை என்று குறித்துவந்தார். நியூட்டன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய பழனிமலைக் கல்திட்டைகள் பற்றிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. உடம்பு தேற்றிக்கொள்ள ஏறிய கூட்டத்திலிருந்து, மலையில் பழங்காலத்தில் வாழ்ந்து செத்தவர்களின் கணக்கும் வெளிவந்தது இப்படித்தான்.

புதுச்சேரி, காரைக்கால் பங்குகளில் பணிசெய்த பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களுக்கு நீலகிரியில் வெல்லிங்டனில் புனித தியோடர் பெயரில் ஒரு நலவாழ்வு இல்லம் இருந்தது. வெயிலில் இற்றுப்போனவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். தேறித் திரும்பியவர்கள் உண்டு, அங்கேயே அடங்கியவர்களும் உண்டு.

ரயில் வந்தபோது கரைக்கும் மலைக்கும் இடையிலிருந்த தூரம் சட்டென்று சுருங்கியது. 1898இல் காரைக்கால்–பேரளம் பாதை திறந்தது. பிரெஞ்சு எல்லைக்குள்ளிருந்து புறப்படும் வண்டி. அடுத்த ஆண்டே, 1899 ஜூனில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கர ரயில் ஏறியது. 1908இல் உதகை வரை நீண்டது. காரைக்காலில் ஏறி, பேரளம், மாயவரம், தஞ்சாவூர், திருச்சி, ஈரோடு என்று வண்டி மாறிப் போனால் மேட்டுப்பாளையம். லெஷனோ வாரக்கணக்கில் கடந்த தூரத்தை ஒரு பிரெஞ்சு அதிகாரி இரண்டு இரவுகளில் கடந்துவிடலாம். எல்லையும் சுங்கமும் மட்டும் அப்படியே இருந்தன.

இந்தக் கோடைகள் மலையில் விட்டுவிட்டுப் போனவை எல்லாம் வேடிக்கையான நினைவுகள் மட்டுமில்லை. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட யூகலிப்டஸும் சீகைமரமும் புல்வெளிகளை விழுங்கின. புல்வெளி போன இடத்தில் ஓடை வற்றியது. நீலகிரியிலும் பழனிமலையிலும் சோலையை மீட்க முயல்கிறவர்கள் இன்று பிடுங்கிக்கொண்டிருப்பது அன்று ஆசையாக நட்டவற்றை.

இறங்கி வந்தவையும் உண்டு. உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் ஆகியவற்றைச் சல்லிவன் காலத்திலிருந்தே மலையில் பயிரிட்டுப் பார்த்தார்கள், துரைகளின் மேசைக்காக. அவை மூட்டையாகி, லாரி ஏறி, மேட்டுப்பாளையம் மண்டி வழியாகக் கடற்கரை வரை வந்தன. டெல்டாவின் பழைய சமையலில் கத்தரி, முருங்கை, பூசணி, வாழைக்காய் மட்டுமே இருந்த காலம் உண்டு. நெடுநாள் வரை இங்குள்ள பாட்டிமார் கேரட்டையும் கோஸையும் 'இங்கிலீஷ் காய்' என்றே சொன்னார்கள். திவச சமையலில் இன்றும் அதைச் சேர்க்காத வீடுகள் இருக்கின்றன. சந்தைக்கூடையில் 'நாட்டுக்காய் தனி, இங்கிலீஷ் காய் தனி' என்று பிரிக்கிற குரலில், யாரோ ஒரு நோயாளித் துரையின் கோடைக்காலம் இன்னும் விலைபோய்க்கொண்டிருக்கிறது.

1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது; 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இணைந்தது. வெள்ளைக்காரர்கள் போனார்கள். மலைக்கோடை போகவில்லை, ஆள்தான் மாறியது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று பாரிஸ் புறநகரிலோ ரீயூனியனிலோ வாழ்கிற காரைக்கால் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் வருகின்றன. சூலை, ஆகஸ்டில், மாங்கனித் திருவிழாவின் சுவடு தெருவில் அடங்கும் வேளையில் அவர்கள் வந்து இறங்கும்போது, இங்கே வெயில் குறைந்தபாடிருக்காது. ஊர்ப்பிள்ளைக்குப் பழகிய புழுக்கம் அங்கே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைக்குப் பழக்கமில்லை. நாலு நாள் தாங்கிப் பார்ப்பார்கள். ஐந்தாம் நாள் தாத்தா வேனுக்குச் சொல்லிவிடுவார். கரையில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் குளிர் தேடி மலைக்குப் போவது மறுபடி நடக்கிறது. இந்த முறை அவர்கள் கறுத்த நிறத்தில், பாட்டி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு போகிறார்கள்.

பூவத்திலிருந்து கிளம்பும் வேனின் எண்பலகை பி.ஒய். 02 என்று தொடங்கும். வாடகை வண்டி நண்டலாற்றைத் தாண்டினாலே அயல் மாநிலம். அதற்குப் பெர்மிட் எடுக்க வேண்டும். மலை ஏறப் போனால் இன்னொரு சீட்டு. நெரிசலைச் சமாளிக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: வார நாட்களில் உதகைக்கு 6,000 வண்டி, கொடைக்கானலுக்கு 4,000; வார இறுதியில் முறையே 8,000, 6,000. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ராத்திரி பூவத்தில் ஏறினால் விடியும்போது காட்ரோடு. அங்கே டீக்கடையில் முகம் கழுவி, ஓட்டுநர் ஒரு தரம் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறுவார். வளைவு வளைவாக வண்டி ஏற, பின் இருக்கைப் பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வண்டியை நிறுத்தி, ஊழியர் கை நீட்டுவார். முன் இருக்கைக்காரர் போனைத் துழாவி எடுத்துக் காட்ட, திரையில் உள்ள கட்டத்தை இன்னொரு போன் படம்பிடிக்கும். "எத்தனை பேரு? எங்கேருந்து வர்றீங்க?" "காரைக்கால் பக்கம், பூவம்." லெஷனோவிடமும் ஏதாவதொரு சாவடியில் இப்படிக் காகிதம் கேட்டிருப்பார்கள். ஊழியர் தலையசைத்து விடுகிறார். ஜன்னலோரத்தில் இருக்கும் பாட்டி கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, உள்ளே வரும் காற்றைப் பார்த்துவிட்டு, "சால்வையை எங்கடி வெச்சே?" என்று பையைத் துழாவத் தொடங்குகிறாள்.